உருளைத் தலைகள்: மலிவானதும் விலை உயர்ந்ததும்

மோட்டார் எஞ்சினில் எரிபொருள் எரியும் அறைக்கு மூடியாக நின்று, காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் வால்வுகளைத் தாங்கும் பகுதியைப் பட்டறைகளில் ‘சிலிண்டர் ஹெட்’ என்பர். நாம் உருளைத் தலை என்போம்.

நம் நாட்டு அம்பாசிடருக்கு வார்ப்பிரும்புத் தலை. பிரீமியர் பத்மினிக்கு அலுமினியத் தலை. 1964-இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. போன்ற, ‘மசில் கார்’ எனப்படும் அமெரிக்க வேக வண்டிகளுக்கும் இரும்புத் தலையே. அவற்றை இன்றும் போற்றி வைத்திருப்போர் பலர், இரும்பை நீக்கி அலுமினியத் தலை பூட்டுகின்றனர். சந்தையில் மலிவானதும் உண்டு. அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு விலையுள்ளதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வேற்றுமை எங்கே?

அலுமினியத்தின் குணத்தை முதலில் அறிவோம். வார்ப்பிரும்பின் ஒப்படர்த்தி சுமார் 7.2; அலுமினியத்தினது 2.7. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவை இரும்பினும் ஏறக்குறைய மும்மடங்கு வல்லது. ஆகவே அறை விரைவில் குளிரும். எஞ்சின் தட்டுவது குறையும். அழுத்த விகிதத்தைச் சற்று உயர்த்தலாம். ஆனால் சூட்டில் இரும்பைப்போல் இருமடங்கு விரியும். மென்மையும் மிகுதி. எனவே வால்வு அமரும் இடத்தில் கடினமான வளையத்தை இறுகப் பொருத்தவேண்டும். பொருத்தம் பிழைத்தால் ஓட்டத்தில் வளையம் கழன்று எஞ்சினையே கெடுக்கும்.

வார்ப்பிலும் ஓர் இடர் உண்டு. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அதனை வெளிவிடும். வெளியேறாத வாயு நுண்துளைகளாய் உள்ளே தங்கிவிடும். நைட்ரஜனோ ஆர்கானோ செலுத்தி அதனை நீக்கவேண்டும். பிறகு சுமார் 540 பாகை சென்டிகிரேடில் வைத்து, திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் வலிமை பிறக்கும். உயர்ந்த விலையில் பெரும்பங்கு இவற்றிற்கும், காற்றுவழிகளைக் கணிப்பொறி இயந்திரத்தால் கடைவதற்கும், ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பதற்கும் செல்கிறது.

நான் வளர்ந்த கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், எங்கள் லைனில் ஒரு பெரியவர் பத்மினியை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தார். சூட்டில் தலை வளைந்தது. மலிவான ஒன்றை வாங்கி, சோதிக்காமலே பூட்டினார்கள். இரண்டே மாதத்தில் நுண்துளை வழியே தண்ணீர் எண்ணெயில் கலந்து எஞ்சின் பாழாயிற்று. வண்டியோடு வருமானமும் நின்றது. சுரங்கத்தில் மேற்பாறையைக் கம்பியால் தட்டி, ஓசை கேட்டபின்பே அடியில் நின்றவர் அவர்.

ஆயின் மலிவானது ஆகாதென்று தள்ளலாமா? கூடாது. அதிவேக ஓட்டத்திற்கு விலையுயர்ந்ததே ஏற்றது. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மலிவானதும் போதும். ஆனால் அதன் சோதனையை நாமே செய்யவேண்டும். அடித்தளம் சமமாக உள்ளதா என நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் அளக்கவும். வால்வுகளை மூடி, அறையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா எனப் பார்க்கவும். நீர்வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் அமிழ்த்தவும். குமிழி எழுந்தால் விற்றவரிடமே திருப்பிவிடவும். இவற்றிற்கான கூலியையும் கூட்டியபின்பே இரண்டின் விலையை ஒப்பிடுவது முறை.