ஒட்டுண்ணியைக் காட்டிக்கொடுக்கும் நொதி

காய்ச்சலுக்குக் காரணங்கள் பல. அது மலேரியாதானா என்று உறுதி செய்ய, குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்பதே இன்றும் அடிப்படை முறை. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் ஒட்டுண்ணியை முதன்முதலில் கண்டதும் நுண்ணோக்கியின் வழியாகவே. ஆனால், அக்கருவியும் பயிற்சி பெற்ற கண்களும் மலைக் கிராமங்களில் எளிதில் கிட்டுவதில்லை. பால்சிபாரம் வகை மலேரியாவோ, மருத்துவம் தாமதமானால் உயிரையே பறிக்க வல்லது. ஒட்டுண்ணியைக் காணாமலேயே அதன் இருப்பை அறிய இயலுமா?

இயலும். அது உண்டு வாழ்வதே அதனைக் காட்டிக்கொடுக்கிறது. சிவப்பணுவினுள் வாழும் பிளாஸ்மோடியம், தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் குளுக்கோசைச் சிதைத்தே பெறுகிறது. அச்சிதைவின் முடிவில் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும் நொதி லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ். இந்நொதி மனித உடலிலும் உண்டு. எனினும், இரண்டின் பணி ஒன்றாயினும் அமைப்பு ஒன்றன்று. அமினோ அமில வரிசை வேறுபடுகிறது. ஒட்டுண்ணியின் நொதியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கலாம். வினையூக்கியான நொதி இங்கே ஆன்டிஜெனாகப் பயன்படுகிறது.

விரைவுப் பரிசோதனைப் பட்டையில் இவ்வெதிர்ப்பொருள்கள் கோடாகப் படிய வைக்கப்பட்டிருக்கும். விரல் நுனிக் குருதியுடன் கரைசல் சேர்ந்ததும் சிவப்பணுக்கள் உடைந்து நொதி வெளிப்படும். நிறமேற்றிய எதிர்ப்பொருள் அதனைப் பற்றிக்கொண்டு பட்டையில் ஊர்ந்து செல்லும். கோட்டில் சிக்கியதும் நிறம் தோன்றும். அருகில் கட்டுப்பாட்டுக் கோடும் தோன்ற வேண்டும். தோன்றாவிடில் அச்சோதனை செல்லாது. ஆல்டோலேஸ் என்னும் மற்றொரு நொதியும் இவ்வாறு பயன்படுகிறது. அது எல்லா மலேரியா இனங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், இனத்தைப் பிரித்துக் காட்டாது.

பல பட்டைகள் நொதியைத் தேடுவதில்லை. பால்சிபாரம் வெளியிடும், ஹிஸ்டிடின் மிகுந்த புரதம் ஒன்றையே தேடுகின்றன. அப்புரதம் நோய் நீங்கிய பின்னும் சில வாரங்கள் குருதியில் தங்கும்; எனவே, குணமடைந்தவரையும் நோயாளி எனக் காட்டக்கூடும். மேலும், அதற்குரிய மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவற்றிடம் அப்பட்டை ஏமாந்துவிடும். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸை உருவாக்குவதோ உயிருள்ள ஒட்டுண்ணி. அது மடிந்ததும் நொதியின் அளவு விரைவில் குறையும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறு புரதத்தில் கிட்டுவது அரிது. எனினும், ஒட்டுண்ணிகள் மிகச் சிலவே இருப்பின் நொதியும் குறைவாகவே இருக்கும். கோடு தோன்றாது போகலாம். ஆகவே, பட்டை ‘இல்லை’ என்று காட்டியும் காய்ச்சல் தொடர்ந்தால், குருதியை மீண்டும் நுண்ணோக்கியில் ஆராய்வர்.