ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு கேபிள்

உயரமான அலுவலகக் கட்டடத்துக்குத் தீ பாதுகாப்பு வடிவமைக்க உட்காரும்போது பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. மாடிக்கு எத்தனை ஸ்பிரிங்ளர், எத்தனை ஹைட்ரன்ட், டேங்க் எத்தனை லட்சம் லிட்டர், பம்ப் எத்தனை. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்கான (என்ஓசி) விண்ணப்பமும் அப்படித்தான் கேட்கிறது, கட்டடத்தின் சொந்தக்காரரும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நிம்மதி அடைகிறார். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி வேறு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கிறது? மெயின் பம்ப்பும் அதற்குத் துணையாக வைத்த பம்ப்பும் ஒரே குழாயை நம்பினால், மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே வழியாக மேலே ஏறினால், வரைபடத்தில் இரண்டாகத் தெரிவது தீ வந்த நேரத்தில் ஒன்றாகிவிடும். அந்த ஒன்றும் போய்விட்டால் மிச்சம் எதுவும் இருக்காது. நான் எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் தேடுவது இப்படி இரண்டு ஏற்பாடுகள் சேருமிடத்தைத்தான்.

இந்தக் கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் இருந்த ஒன் மெரிடியன் பிளாசா என்ற கட்டடத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 38 மாடி அலுவலகக் கட்டடம். 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு, 22-ஆம் மாடியில் தீப்பிடித்தது. மரப்பலகைகளைத் துடைத்துவிட்டுப் போட்டிருந்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமாகவே சூடேறிப் பற்றிக்கொண்டன. அங்கே ஜெனரேட்டர் இருந்தது, மாடிக்கு மாடி ஹைட்ரன்ட் இருந்தது, பம்ப் இருந்தது. ஆனால் வழக்கமான மின்சாரமும் அவசர மின்சாரமும் ஒரே ஷாஃப்ட் வழியாக ஏறின. தீ அந்தக் கேபிள்களைத் தின்றதும் இரண்டும் சேர்ந்தே போயின. கட்டடம் முழுக்க இருட்டு, லிஃப்ட் இல்லை, பம்ப் இல்லை. தீயணைப்பு வீரர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு இருட்டில் 20 மாடிக்கு மேல் படியேறினார்கள். அவர்களில் மூன்று பேர் 28-ஆம் மாடியில் புகைக்குள் வழி தெரியாமல் இறந்தார்கள். தீ எட்டு மாடிகளைத் தின்று, ஏறத்தாழ 19 மணி நேரம் எரிந்தது. இடிந்துவிடுமோ என்று பயந்து ஒரு கட்டத்தில் வீரர்களையே வெளியே அழைத்துவிட்டார்கள். அந்தக் கட்டடம் மறுபடி திறக்கப்படவே இல்லை, கடைசியில் இடித்தார்கள்.

மின்சாரம் போன கதையைவிட அங்கே தண்ணீர் போன கதை எனக்கு முக்கியம், ஏனென்றால் அதே தவறுக்கு நம் ஊர்க் கட்டடங்களிலும் இடமிருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வேண்டும். 100 மீட்டர் கட்டடத்தின் உச்சியில் உள்ள ஹைட்ரன்ட்டில் 3.5 பார் கிடைக்க வேண்டுமானால், உயரத்துக்கு 10, குழாயின் உராய்வுக்கு ஒன்றிரண்டு என்று கூட்டினால் அடித்தளத்து பம்ப் 15 பாரை ஒட்டித் தள்ள வேண்டியிருக்கும். அந்த அழுத்தம் கீழ்மாடிகளில் அப்படியே வந்தால் ஹோஸை ஒருவரால் பிடித்து நிற்க முடியாது. சாதாரண ஸ்பிரிங்ளர் பாகங்கள் தாங்கும் 12 பாரையும் அது தாண்டிவிடும். அதற்காகத்தான் அழுத்தம் குறைக்கும் வால்வுகளை வைக்கிறோம். மெரிடியனில் அந்த வால்வுகள் தவறான அளவில் அமைக்கப்பட்டிருந்தன. வீரர்கள் ஹோஸைத் திறந்தபோது அவர்களுடைய நாசிலுக்கு வேண்டிய வேகம் வரவில்லை. அந்த வால்வுகளைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வந்து சேர்வதற்குள் மணிக்கணக்கு ஓடிவிட்டது. அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் நாசிலிலிருந்து வரும் தண்ணீர் பாதியாகிறது. பாதித் தண்ணீர் பாதித் தீயை அணைக்கும் என்று கணக்குப் போட முடியாது. தீ கக்கும் வெப்பத்தைத் தண்ணீர் உறிஞ்ச முடியாத நிலை வந்துவிட்டால், ஊற்றுவதெல்லாம் ஆவியாகிப் போகும், தீ வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதனால் அழுத்தத்தை வால்வின் தயவில் விடாமல் உயரத்தைப் பிரித்துக் கையாளுவதையே நான் விரும்புகிறேன். கீழ்ப் பகுதிக்கு ஒரு பம்ப் தொகுதி, மேல் பகுதிக்கு இன்னொன்று. நடு மாடியில் டேங்க் வைக்க இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கீழே உள்ள மாடிகளுக்குப் பூமியின் ஈர்ப்பே தண்ணீர் தரும், ஈர்ப்புக்குக் கேபிளும் வேண்டாம் டீசலும் வேண்டாம். மொட்டைமாடி டேங்க்கை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அதற்கு நேர் கீழே உள்ள சில மாடிகளுக்கு உயரம் போதாததால் அழுத்தமும் போதாது, ஆகவே அங்கே ஒரு பூஸ்டர் பம்ப் வேண்டும். அழுத்தம் குறைக்கும் வால்வு தவிர்க்க முடியாத இடத்தில், எந்த மாடி வால்வு எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை வரைபடத்திலேயே எழுதி, வால்விலும் தகடு அடித்து மாட்டச் சொல்வேன். தண்ணீர் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஓடும்போது வால்வு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓடவிட்டு அளப்பதற்கு ஒரு சோதனைக் குழாயும் வடிகாலும் வடிவமைப்பிலேயே இல்லை என்றால், பிறகு அந்த வால்வை யாரும் சோதிக்கப் போவதில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக மெரிடியனிலிருந்தே ஒரு வலுவான சான்றைக் காட்டலாம். அந்தக் கட்டடத்தில் ஒரு சில மாடிகளில் மட்டுமே முழுமையாக ஸ்பிரிங்ளர் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று 30-ஆம் மாடி. எட்டு மாடிகளை விழுங்கி வந்த தீ அங்கே ஏறியதும் பத்தே ஸ்பிரிங்ளர்கள் திறந்து அதை நிறுத்திவிட்டன. நூற்றுக்கணக்கான வீரர்களால் முடியாததைச் சின்னஞ்சிறு ஸ்பிரிங்ளர்கள் பத்து முடித்தன. அப்படியானால் ஸ்பிரிங்ளரை மட்டும் ஒழுங்காகப் போட்டால் போதாதா, மற்ற ஏற்பாடுகளுக்கு ஏன் இத்தனை யோசனை? ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நானும் ஸ்பிரிங்ளரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்தப் பத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கட்டடத்தின் பம்ப் அப்போது தரவில்லை. தெருவில் நின்ற தீயணைப்பு வண்டிகள் வெளியிணைப்பு வழியாகத் தள்ளிய தண்ணீர் அது. ஸ்பிரிங்ளரைக் காப்பாற்றியதே அதற்கு வெளியே இருந்த, அதே மின்சாரத்தை நம்பாத ஓர் ஏற்பாடு. வாசலோரத்தில் பூந்தொட்டியும் நிறுத்திய காரும் மறைத்துக் கிடக்கும் அந்தச் சிவப்பு இணைப்புக்கு வரைபடத்தில் நான் மிகுந்த மரியாதை தருவதன் காரணம் இதுதான். வண்டி வந்து நிற்க இடம், இணைப்பிலிருந்து ஸ்பிரிங்ளர், ஹைட்ரன்ட் இரண்டுக்கும் போகும் வழி, எந்த வாய் எதற்கு என்ற தெளிவான எழுத்து மூன்றும் வேண்டும்.

குழாய் போட்டிருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு 1988 மே 4 இரவு லாஸ் ஏஞ்சலஸில் எரிந்த ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம் சாட்சி. 62 மாடிகள். ஸ்பிரிங்ளர் பொருத்தும் வேலை 90 சதவீதம் முடிந்திருந்தது, ஆனால் அலாரம் இணைப்பு முடியட்டும் என்று வால்வுகளை மூடி வைத்திருந்தார்கள். 12-ஆம் மாடியில் தொடங்கிய தீ 16-ஆம் மாடி வரை எரிந்தது. நம் அலுவலகக் கட்டடங்களில் இந்த நிலை ஓர் இரவோடு முடிவதில்லை. கட்டடம் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நிறுவனம் காலி செய்யும், இன்னொன்று வரும். ஃபால்ஸ் சீலிங் இறங்கும், அறைகள் இடம் மாறும், ஸ்பிரிங்ளர் குழாயில் தண்ணீரை வடித்துவிட்டு வேலை நடக்கும். அப்போது ஒரே வால்வை மூடினால் ஆறு மாடி வறண்டு போகும்படி வடிவமைத்திருந்தால், அந்தக் கட்டடம் வருடத்தில் பல நாள் பாதி பாதுகாப்போடு நிற்கிறது என்று பொருள். மாடிக்கு ஒரு தனி வால்வு, தனி வடிகால், வால்வு மூடினால் கட்டுப்பாட்டு அறைப் பேனலில் தெரியும்படி சுவிட்ச். படிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு ரைசர்கள் (மாடிகளுக்கு ஏறும் செங்குத்துக் குழாய்கள்), மேலும் கீழும் வளையமாக இணைத்து. ஒரு பக்கம் மூடினாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும். அமெரிக்காவில் தீயின்போது ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போன நிகழ்வுகளில் பாதிக்கு மேல் யாரோ அதை மூடி வைத்திருந்ததுதான் காரணம் என்று அவர்களுடைய ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்கள் வால்வை மூடுவார்கள். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வரைய வேண்டும்.

பம்ப் அறைக்கும் இதே கேள்வி. மின் பம்ப் நின்றால் டீசல் பம்ப் என்கிறோம். இரண்டும் ஒரே அடித்தள அறையில், ஒரே தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்து மூழ்கடிக்கும். 2015 டிசம்பரில் சென்னையின் அடித்தளங்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகும் பம்பையும் பேனலையும் தரையோடு தரையாக வைப்பதற்கு நியாயம் கிடையாது. டீசல் இன்ஜினைக் கிளப்பும் பேட்டரிக்குச் சார்ஜர் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீ என்றதும் கட்டடத்தின் மெயினை அணைப்பது வழக்கம். ஃபயர் பம்ப்பின் மின்சாரம் அந்த மெயினுக்குப் பிறகு எடுக்கப்பட்டிருந்தால் தீயை அணைக்க வந்தவர்களே பம்ப்பையும் அணைத்துவிடுவார்கள். அதை மெயினுக்கு முன்பே தனியாக எடுத்து, தீயைத் தாங்கும் கேபிளில், ஜெனரேட்டர் கேபிள் போகாத வேறு வழியில் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உயரக் கட்டடங்களில் தீயைவிடப் புகைதான் அதிகம் கொல்கிறது. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ எரிந்தது தரைத்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள். லிஃப்ட் ஷாஃப்ட்டும் படிக்கட்டும் புகைபோக்கிகளாக மாறியிருந்தன. பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரி 23 அன்று மின் டக்ட்டில் கிளம்பிய புகை அலுவலகங்களை நிறைத்தது, ஒன்பது பேர் இறந்தார்கள். மூச்சு முட்டிச் சன்னல் வழியாகக் குதித்தவர்களும் அவர்களில் உண்டு. கேபிள் ஷாஃப்ட்டை ஒவ்வொரு தளத்திலும் அடைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டி முடித்த அன்று அடைத்தும் இருப்பார்கள். அடுத்த மாதம் இன்டர்நெட் கேபிள் இழுக்க வருபவர் துளை போடுவார், அந்தத் துளை அப்படியே நிற்கும். அவரைத் திட்டுவதில் பயனில்லை. எதிர்காலக் கேபிளுக்கென்று காலிக் குழாய்களை முன்பே வைத்து, கழற்றி மறுபடி செருகக்கூடிய தீத்தடுப்புப் பைகளால் அவற்றை அடைத்துக் கொடுத்தால் துளை போட வேண்டிய தேவையே வராது.

படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தி வைத்துப் புகையை வெளியே நிறுத்துவதும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 50 பாஸ்கல் கேட்கிறது. கதவின் பரப்பு 2 சதுர மீட்டர் என்றால் அதன் மேல் 100 நியூட்டன் விசை விழுகிறது. கைப்பிடி கதவின் ஓரத்தில் இருப்பதால் திறப்பவர் அதில் பாதியையும் டோர் குளோசரின் விசையையும் வெல்ல வேண்டும். தாங்கக்கூடிய உழைப்புதான். அதிக அழுத்தத்தை வெளியேற்றும் டேம்பர் சிக்கி அழுத்தம் மூன்று மடங்கானால் வயதானவராலும் கர்ப்பிணியாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. புகையைத் தடுக்க வைத்தது வழியையே தடுத்துவிடும். அதனால் வடிவமைக்கும்போது ஃபேனின் அளவைவிட அந்த டேம்பருக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

விதித்தொகுப்பில் உள்ளதைச் செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. மெரிடியன் எரிந்த காலத்தில் அமெரிக்க விதி ஹோஸ் வாயில் 65 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் போதும் என்றது. அந்தத் தீக்குப் பிறகு, 1993-இல், அதை 100 ஆக்கினார்கள். விதி என்பது நடந்து முடிந்த தீக்களிலிருந்து எழுதப்பட்டது. நம் கட்டடத்தில் எந்தக் கேபிள் எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்று அதற்குத் தெரியாது. செலவு கூடும் என்பார்கள். பம்ப் அறைக்கும் டேங்க்குக்கும் கூடும், உண்மை. ஆனால் இரண்டு கேபிளை இரண்டு ஷாஃப்ட்டில் ஏற்றுவது வரைபடக் கட்டத்தில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலை. கட்டிய பிறகுதான் அது சுவரை உடைக்கும் வேலை. நான் மதிக்கும் எதிர்வாதம் மூன்றாவது: ஏற்பாடுகள் பெருகினால் பழுதும் பெருகும், பராமரிக்க ஆள் இருக்காது. சரிதான். அதனால்தான் கருவிகளைக் கூட்டச் சொல்லாமல், அவற்றுக்கிடையே உள்ள பொதுப் பிணைப்புகளைக் குறைக்கச் சொல்கிறேன். ஈர்ப்பால் இறங்கும் தண்ணீரும், அலாரம் அடித்ததும் தானே மூடிக்கொள்ளும் கதவும், தரைத்தளத்துக்குத் தானே இறங்கிவிடும் லிஃப்ட்டும் எளியவை. லாஸ் ஏஞ்சலஸ் வங்கிக் கட்டடத் தீயில் இறந்த ஒரே மனிதர், தீ எங்கே என்று பார்க்க லிஃப்ட்டில் ஏறிய பராமரிப்பு ஊழியர். அந்த லிஃப்ட்டின் கதவு திறந்தது எரிந்துகொண்டிருந்த மாடியில்.

கட்டடத்தை ஒப்படைக்கும் முன் நான் வலியுறுத்தும் சோதனையும் இந்தக் கேள்வியிலிருந்தே வருகிறது. கருவிகளைத் தனித்தனியாக ஓட்டிக் காட்டி டிக் அடிப்பது போதாது. உச்சி மாடி ஹைட்ரன்ட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைக்க வேண்டும், மின் பம்ப்பைக் கையால் நிறுத்த வேண்டும், டீசல் பம்ப் ஏற்றுக்கொள்ளும் வரை அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று எழுத வேண்டும். பிறகு ஒரு ரைசரை மூட வேண்டும். படிக்கட்டு ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது, ஸ்பிரிங் தராசை மாட்டி ஒவ்வொரு மாடிக் கதவையும் இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். ஒப்பந்தத்தில் அந்த நாளை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் கடைசியில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.