கோட் அடித்தால் வேகம் வருமா?

மாதக் கடைசியில் வேலை குவியும்போது டேட்டா சென்டர்களில் இந்தப் புலம்பல் தவறாமல் காதில் விழும். "கோட் அடிச்சாச்சு சார், நாலு கோர் ஆக்டிவ்னு காட்டுது. டேட்டாபேஸ் இன்னும் இழுக்குது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் பார்ட்டிஷன், அதாவது சர்வரில் உங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பகுதி, எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐபிஎம் பவர் வகைப் பெரிய சர்வர்களில், காசு கொடுத்ததைவிடக் கூடுதலான கோர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். தேவை வந்தால் பணம் கட்டி 34 எழுத்துக் கோட் வாங்கி, ஹெச்எம்சி என்ற நிர்வாகக் கன்சோலில் அடிக்க வேண்டும். சர்வரை நிறுத்தாமலே கோர் விழித்துக்கொள்ளும். கோட்டின் வேலை இதோடு முடிந்தது. விழித்த கோர் உங்கள் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர்வது வேறு கதை.

தனக்கென்றே கோர் வைத்திருக்கும் டெடிகேட்டட் பார்ட்டிஷன் என்றால் விழித்த கோர் தானாக அதற்குப் போகாது; நிர்வாகி தன் கையால் சேர்க்கும்வரை சும்மா கிடக்கும். ஓடும் பார்ட்டிஷனிலேயே அப்படிச் சேர்க்கும் வசதி 2002-இல், ஐபிஎம்மின் இயங்குதளமான ஏஐஎக்ஸின் 5.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. கோர்களைப் பிறரோடு பகிரும் ஷேர்டு பார்ட்டிஷன் என்றால், புதுக் கோர் தானாகப் பொதுப் பூலில் சேரும். "தானா வேகம் கூடும்" என்ற வதந்தி பிறந்த இடம் இதுதான். பாதி உண்மை இருப்பதால் சாகவும் மாட்டேன் என்கிறது. கேப் (உச்சவரம்பு) போட்ட பார்ட்டிஷன் தன் ஒதுக்கீட்டுக்கு மேல் ஒரு துளியும் எடுக்காது. கேப் இல்லாதது எடுக்கும், ஆனால் அதற்குக் கொடுத்த விர்ச்சுவல் ப்ராசசர்களின் எண்ணிக்கைவரை மட்டும். ஒதுக்கீடு 2, விர்ச்சுவல் ப்ராசசர் 4 என்றால், பூலில் இருபது கோர் காலியாகக் கிடந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது நாலுதான். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அரை இஞ்ச் பைப்பில் வருவதுதானே வரும்?

சரி, விர்ச்சுவல் ப்ராசசரைக் கூட்டலாம் என்றால் அதற்கும் ஒரு கூரை உண்டு. பார்ட்டிஷனின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ப்ரொஃபைலில் 'மேக்சிமம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சர்வரை நிறுவிய புண்ணியவான், பெரும்பாலும் அன்றைய தேவைக்கான எண்ணையே அங்கும் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதை மாற்ற வேண்டுமானால் பார்ட்டிஷனை முழுக்க நிறுத்தி, ஹெச்எம்சியிலிருந்து திருத்திய ப்ரொஃபைலோடு கிளப்ப வேண்டும். ஏஐஎக்ஸுக்குள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் ப்ரொஃபைல் மறுபடி படிக்கப்படாது. இது தெரியாமல் ஞாயிறு நள்ளிரவில் அனுமதி வாங்கி ரீபூட் செய்துவிட்டு, பழைய எண்ணையே பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ராசசர் மேக்சிமத்தை முதல் நாளிலேயே தாராளமாக வையுங்கள். நினைவகத்தின் மேக்சிமத்தைக் கண்டபடி ஏற்றினால் ஹைப்பர்வைசர் அதற்காக இடம் பிடித்துவைக்கும். ப்ராசசருக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுக்கிறதா? ஓடும் வேலையைப் பாருங்கள். ஒரே த்ரெட்டில் வரிசையாக ஓடும் இரவு பேட்ச் வேலைக்கு எட்டு கோர் கொடுத்தாலும் ஏழு வேடிக்கை பார்க்கும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைக்கு எட்டுமே வேடிக்கை பார்க்கும்.

மற்ற வதந்திகளுக்கு இத்தனை மூச்சு வேண்டாம். தூங்கும் கோர் வீண் என்கிறார்கள். வேலை செய்யும் கோர் பழுதாகும் அறிகுறி தெரிந்தால், ஃபர்ம்வேர் தூங்குவதை எழுப்பி அதன் இடத்தில் வைக்கும். அதற்குக் கோட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். பக்கத்து சர்வரின் கோட்டை இதில் அடிக்கலாம் என்பதும் நடக்காது. கோட் சீரியல் எண்ணோடு கட்டுப்பட்டது. கோர் வாங்கினால் செலவு முடிந்தது என்பதுதான் ஆபத்தானது. டேட்டாபேஸ் மென்பொருள் விற்கும் ஆரக்கிளின் கணக்கில் பவர் கோர் ஒன்றுக்கு ஒரு முழு ப்ராசசர் லைசென்ஸ். ஷேர்டு வகையான மைக்ரோ பார்ட்டிஷனில் கேப் இருந்தால்தான் அந்த நிறுவனம் எல்லையை ஒப்புக்கொள்ளும். வேகத்துக்காகக் கேப்பை எடுத்துவிட்டவர்கள் ஆடிட் வருமுன் இதை யோசிக்கட்டும்.

கோர் வாங்கும் முன் அளந்து பார்க்கச் சொன்னால் ஏன் இத்தனை சோம்பல்? நைஜல் கிரிஃபித்ஸ் எழுதிய என்மான் கருவி ஏஐஎக்ஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசு இல்லை. மாதக் கடைசியையும் சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டால், பார்ட்டிஷன் எத்தனை கோர் தின்றது, எந்த நேரத்தில் தன் கூரையை முட்டியது என்று மணிவாரியாகச் சொல்லிவிடும். கூரையை முட்டவும் இல்லை, பொதுப் பூலும் தீரவில்லை என்றால் கூடுதல் கோரால் பயன் இல்லை.

கொள்முதல் கோப்பு மேஜைக்கு வரும் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்மான் பதிவையும் ப்ரொஃபைலின் மேக்சிமம் எண்ணையும் கேளுங்கள். இரண்டும் கோப்பில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.