கடனில் வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: பெங்களூரில் வேலை, இரண்டு வயதில் மகள். வாடகை வருமானத்துக்காக ஒயிட்ஃபீல்டில் 80 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 25,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். வீட்டு விலையில் இது 3.75 சதவீதம்தான். விலையில் 60 லட்சம் கடன் என்றால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 52,000. மீதி 27,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். பராமரிப்புக் கட்டணமும் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களும் தனி. புதிய வரி முறையில் வாடகையைவிட வட்டி அதிகமாவதால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

முதலில் ஆறு மாதச் செலவுப் பணம், டேர்ம் இன்ஷூரன்ஸ், மருத்துவக் காப்பீடு. பிறகும் வாங்குவதென்றால் இ-கத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு), வில்லங்கச் சான்று, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு மூன்றையும் பாருங்கள். வாடகைதாரர் தரும் அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம், அதைத் தொடாதீர்கள்.