தொப்பூர் கணவாயும் பழைய கார்களும்



பழைய கார் வைத்திருப்பவர்களின் கூட்டம் இரண்டு வகை. ஒன்று, சங்கங்கள் முறையாக நடத்தும் அணிவகுப்பு. டெல்லியில் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ் 1964இல் தொடங்கிய ஊர்வலம் இந்தியாவில் இந்த வகைக்கு முன்னோடி. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளும் இப்படி நடத்துகின்றன. அங்கே விண்ணப்பம், நடுவர், மதிப்பெண், கோப்பை எல்லாம் உண்டு. இன்னொன்று, நடத்துபவர் என்று யாரும் இல்லாத கூட்டம். நாலைந்து பேர் போனில் பேசி வைத்துக்கொண்டு, ஞாயிறு விடிந்ததும் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் முன் வண்டிகளை நிறுத்துவார்கள், டிபன் சாப்பிடுவார்கள், போனட்டைத் தூக்கி வைத்துப் பேசுவார்கள், வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இரண்டாவதுதான் மேல். கோப்பைக்காக வரும் வண்டிகளில் சில லாரி முதுகில் ஏறி வருகின்றன. டிபனுக்கு வரும் வண்டி தன் சக்கரத்தில் உருண்டு வருகிறது. ஓடி வந்த வண்டியைப் பற்றித்தான் கேட்பதற்கு விஷயம் இருக்கும்.

இப்படியொரு கூட்டத்துக்குத் தொப்பூர்ப் பக்கம் நல்ல தேர்வு. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே, முன்பு 7 என்று எண்ணிட்டிருந்து இப்போது 44 ஆகியிருக்கும் தேசிய நெடுஞ்சாலையில் ஊர் இருக்கிறது. மேட்டூர், பவானி வழியாக ஈரோட்டுக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஆகவே பெங்களூரு வண்டியும் ஈரோட்டு வண்டியும் பாதி வழியில் சந்திக்கலாம். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் கணவாய். பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட தருமபுரிப் பகுதியிலிருந்து சேலம் சமவெளிக்கு இறங்கும் பழைய வழி இது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், திப்பு சுல்தானின் படை இதைக் கடந்திருக்கிறது. சேலம் பக்கமிருந்து போனால் நீண்ட ஏற்றம், தருமபுரி பக்கமிருந்து வந்தால் அதே நீளத்துக்கு இறக்கம். புதிய கார் ஓட்டுபவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே இதைத் தாண்டிவிடுவார். அறுபது வயது கார் அப்படித் தாண்டாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விபத்துக்குப் பெயர்போன இந்தச் சாலையில், கணவாய்க்குள் எங்கும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பது கூடாது. கூட்டத்தை மேலே தருமபுரிப் பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓட்டல் வளாகத்தில் வைத்துக்கொள்வதே சரி.

வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அம்பாசடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று பெயருக்குள் அடங்கிவிடும். இதற்குக் காரணம் ரசனை அல்ல, அரசின் கொள்கை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920களிலிருந்தே இந்தியாவில் உதிரிகளை இறக்கிக் கார் பூட்டி விற்றுவந்தன. பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்கள் தொடர முடியாது என்று 1953இல் அரசு முடிவெடுத்ததும் இரண்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவை கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னை வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு அம்பாசடர் ஆனது. 1950களின் கடைசியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 வரை நீண்டது. இத்தாலியின் பியட் 1100, பெயர் மாறி மாறி 1974இல் பிரீமியர் பத்மினி ஆனது. ஊர்க்காரர்கள் கடைசி வரை அதைப் பியட் என்றே சொன்னார்கள். 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் சென்னைப் பதிப்பு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்த மூவர் ஆட்சியைக் கலைத்தது. முப்பது வயதானால் பாரம்பரிய வண்டி என்பது பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறை. அதன்படி பார்த்தால் முதல் மாருதிகளும் இன்று இந்த வரிசையில் நிற்கத் தகுதியானவை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் கூட்டத்துக்கு ஒருவராவது இருப்பார்.

பார்வையாளர் சற்று முன்னதாகவே போய்விடுவது நல்லது. ஏற்றம் ஏறி வந்து நிற்கும் வண்டியின் முதல் ஐந்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

ஏற்றத்தில் முதலில் திணறுவது தண்ணீர். அம்பாசடரிலும் பியட்டிலும் ரேடியேட்டர் விசிறியும் தண்ணீர் பம்பும் ஒரே பெல்ட்டில் என்ஜினோடு சேர்ந்து சுழல்கின்றன. என்ஜின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். என்ஜின் மெதுவானால் விசிறியும் மெதுவாகிவிடும். டாப் கியரிலேயே ஏறிவிடலாம் என்று ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருப்பவர், என்ஜினுக்கு அதிகச் சூடு பிறக்கும் நேரத்தில் விசிறியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். வண்டி ஊர்வதால் எதிர்க்காற்றும் கிடையாது. சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்கிறது. 1489 சிசி அம்பாசடரோ 1089 சிசி பியட்டோ, ஏற்றம் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்துவிட வேண்டும். என்ஜின் கத்துவது காதுக்குத்தான் கஷ்டம்; என்ஜினுக்கு அது நிம்மதி. நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பவர் பழகாதவர் என்று தெரிந்துகொள்ளலாம். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் போய், அந்த நொடியிலேயே கொதித்து முகத்தில் அடிக்கும்.

அடுத்தது பெட்ரோல். பல பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் பக்கவாட்டிலேயே பூட்டியிருக்கும். என்ஜின் சூடு அதில் ஏறி, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளச் செய்த பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. டாங்கு நிறையப் பெட்ரோல் இருக்க, கார்புரேட்டர் காய்ந்து, வண்டி இருமிக்கொண்டு நின்றுவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் வண்டியில் எப்போதும் ஒரு குடம் தண்ணீரும் பழைய துணியும் வைத்திருந்தது இதற்காகத்தான். துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பும். கூட்டத்தில் யாராவது போனட்டுக்குள் ஈரத்துணி வைத்திருந்தால் சிரிக்க வேண்டியதில்லை.

கியர் மாற்றுவதையும் பார்க்கக் கிடைத்தால் பார்க்க வேண்டும். அம்பாசடர், பியட் இரண்டிலும் பழைய மாடல்களில் கியர்த் தண்டு ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும். அங்கிருந்து கியர் பெட்டிவரை கம்பிகளும் மூட்டுகளும் போகின்றன. மூட்டு தேய்ந்தால் தண்டு கொழகொழத்துவிடும். எந்த கியர் விழுந்தது என்று டிரைவர் கையாலேயே தேடிக் கண்டுபிடிப்பார். பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் சின்க்ரோ, பழைய அம்பாசடரில் முதல் கியருக்குக் கிடையாது. ஏற்றத்தில் ஓடிக்கொண்டே முதல் கியருக்கு இறங்க நேர்ந்தால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவே ஆக்சிலரேட்டர் கொடுத்து, பல்லும் பல்லும் சத்தமில்லாமல் சேரச் செய்ய வேண்டும். இதைச் சுத்தமாகச் செய்கிறவர் இருந்தால், அவர் பக்கத்து இருக்கையில் ஒரு சுற்று கேட்டு வாங்குவது பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

வண்டிகள் நின்ற பிறகு பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. காலைக் குளிரில் வெள்ளையாக வந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். பிறகு பாடி. பக்கவாட்டில் குனிந்து, கதவின்மேல் விழும் மரத்தின் நிழலைப் பார்க்க வேண்டும். நேர்க்கோடு நெளிந்தால் பெயிண்டுக்கு அடியில் பட்டி தடவியிருக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா என்பது டிங்கரிங் வேலையின் தரத்தைச் சொல்லும். ஹெரால்டு வந்திருந்தால் போனட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். என்ஜினும் முன்சக்கர அமைப்பும் அடியில் உள்ள சேசிஸும் பாடப்படம்போலத் தெரியும். பளபளப்பு மட்டும் ஏமாற்றும். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இந்தக் கார்களில் எதுவும் அவ்வளவு மின்னியதில்லை. வெளிறிய பழைய பெயிண்டும் கிழியாத முதல் இருக்கையுமாக நிற்கும் வண்டிக்குத்தான், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் போவார்கள்.

நம்பர் பிளேட்டும் ஒரு சரித்திர ஆவணம். இரண்டெழுத்து மாநிலக் குறியும் மாவட்ட எண்ணும் கொண்ட இன்றைய முறை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது வந்தது. அதற்கு முந்தைய தமிழ்நாட்டு வண்டிகளில் மூன்று எழுத்துகள் இருக்கும். தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எனவே அதற்கு முன் தருமபுரிக்காரர் வாங்கிய கார் சேலத்துக் கணக்கில் பதிவானது. சொந்த காரின் ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்கு, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது ஆண்டைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதியும் எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் கூடாது. ஆகவே மார்க்கெட்டுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பழைய ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்கிறார்கள்.

டிபன் மேசையில் பேச்சு பெரும்பாலும் உதிரிப் பாகங்களைச் சுற்றியே போகும். அம்பாசடர் அண்மைக்காலம்வரை வந்ததால் பாகத்துக்குப் பஞ்சம் குறைவு. பியட்டுக்கு மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் நெடுங்காலம் சந்தையைப் பிடித்து வைத்திருந்தன. கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டது. ஹெரால்டுக்காரர் சென்னை புதுப்பேட்டையில் தேடி அலைவார், கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பார்; டிரையம்ப் அபிமானிகள் அங்கே ஏராளம். பெட்ரோலும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றபோது, ஈயத்தின் மெத்தையில் வாழ்ந்த வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின. கெட்டியான இருக்கை பதிக்க வேண்டியிருந்தது. இப்போது இருபது சதவீத எத்தனால். அது பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை. இந்தப் பேச்சில் புதியவர் கலந்துகொள்ள எளிய வழி, “ஏற்றத்துல முள்ளு எதுவரைக்கும் போச்சுங்க?” என்று கேட்பது. “என்ன விலைக்குக் கொடுப்பீங்க?”, “மைலேஜ் என்ன?” என்ற இரண்டு கேள்விகளும் முகத்தைத் திருப்பவைக்கும். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பொத்தானும் பெயிண்டைக் கீறும் என்பதால் வண்டியில் சாய்ந்து நிற்கக் கூடாது. கதவைத் தொடும்முன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கிளம்பும்போது செல்ஃப் மோட்டார் மக்கர் செய்தால், என்ஜினைக் கையால் சுற்றும் கைப்பிடி வெளியே வரும். அதைச் சுற்றுபவர் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல்கள் தானாக விடுபடும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு முறியும்.

சேலம் திரும்பும் வண்டிகளுக்கு இறக்கம் காத்திருக்கிறது. பழைய அம்பாசடரிலும் பியட்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கில் தகடு விரிந்தாலும் அது பேடை நோக்கியே விரியும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் விதி இதற்காக ஏற்பட்டதுதான். சக்கரம் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் என்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்கும் கனரக வண்டிகள்தான் இந்தக் கணவாயின் விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம். இறங்கி முடித்ததும் லைனிங் கருகிய வாடை வந்தால் சமதளத்தில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பு விரிசல் விடும். கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியபின் வண்டியை எடுக்கலாம்.