காலக்கோடு காட்டும் வழி

பெங்களூரு நகரில் அடுகோடியை அடுத்துள்ளது லக்கசந்திரா. அங்கு நிலத்திற்கு அடியில் ஒரு மெட்ரோ இரயில் நிலையம் கட்டப்பட்டுள்ளது. காளேன அக்ரஹாரத்தையும் நாகவாராவையும் இணைக்கும் இளஞ்சிவப்பு வழித்தடத்தில் அமைந்த 18 நிலையங்களுள் இதுவும் ஒன்று. அவற்றுள் 12 நிலையங்கள் நிலத்தடி நிலையங்களாகும். அவற்றுக்கான சுரங்கங்களை 9 துளையிடும் இயந்திரங்கள் குடைந்தன. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி 2024 அக்டோபரில் நிறைவுற்றது.

ஒரே காலத்தில் பல இடங்களில் நடைபெறும் பணிகளை நினைவில் மட்டும் வைத்துக்கொள்ள இயலாது. ஒவ்வொரு பணியும் மற்றொன்றைச் சார்ந்துள்ளது. துளையிடும் இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டிய நிலையத்தில், அது வந்து சேருமுன் குழி தோண்டப்பட்டிருக்க வேண்டும். சுரங்கம் முடிந்த பின்னரே தண்டவாளம் இட முடியும். பின்னர் சோதனை ஓட்டமும் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் நடைபெறும். அதன் பிறகே பயணிகள் ஏறலாம்.

இவ்வரிசையைக் கண்ணால் காண உதவுவது காலக்கோடு. 1765ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், புகழ்பெற்றோரின் வாழ்நாள்களைக் கோடுகளாக வரைந்து காட்டினார். பின்னர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட், பணிகளைப் பட்டைகளாகக் காட்டும் முறையைப் பரப்பினார். அது இன்றும் அவர் பெயரால் 'காண்ட் வரைபடம்' என வழங்குகிறது.

முற்காலத்தில் தாளில் வரையப்பட்ட இப்பட்டைகளை இன்று மென்பொருள் வரைகிறது. பணியின் பெயர், தொடங்கும் நாள், தேவைப்படும் நாள்கள், அதற்கு முன் முடிய வேண்டிய பணி ஆகிய நான்கையும் பதிந்தால் போதும். திட்டமிட்ட பட்டையின் கீழ், உண்மையில் நடந்ததைக் காட்டும் மற்றொரு பட்டையும் வளரும். இரண்டையும் ஒப்பிட்டால் தாமதம் உடனே புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நிலையக் குழி 60ஆம் நாளில் முடியும் என்றும், இயந்திரம் 70ஆம் நாளில் வந்தடையும் என்றும் கொள்வோம். இடையில் 10 நாள்கள் கையிருப்பு உள்ளது. குழிப்பணி 8 நாள்கள் தாமதமானாலும் இடரில்லை. 15 நாள்கள் தாமதமானால் இயந்திரம் 5 நாள்கள் காத்திருக்க நேரும். மேலும் கையிருப்பு இல்லையெனில், அதனைச் சார்ந்த பணிகளும் 5 நாள்கள் தள்ளிப்போகும். மென்பொருள் இம்மாற்றத்தை நொடியில் வரைந்து காட்டும்.

ஆயினும் மென்பொருள் தானாக எதையும் அறியாது. பாறை கடினமாக இருந்ததையும் மழைநீர் புகுந்ததையும் பணியிடத்தில் நிற்பவரே அன்றன்று பதிய வேண்டும். முடியாத பணியை முடிந்ததாக ஒருவர் எழுதிவிட்டால் படம் அழகாகவே இருக்கும். அடுத்த குழுவோ வேலை தொடங்க வந்து வெறுங்கையுடன் நிற்கும். தாமதத்தை மறைப்பது தாமதத்தைக் காட்டிலும் பெருந்தீங்கு. உண்மையாகப் பதிந்த தாமதத்தைச் சரிசெய்ய வழி தேடலாம்; மறைத்த தாமதத்திற்கு யாரும் வழி தேடமாட்டார்.

திருக்குறளில் 'காலமறிதல்', 'வினைசெயல்வகை' எனத் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. காலத்தை அறிதலும் செயலை முறையாகச் செய்தலும் இணைந்தால்தான் பணி நிறைவேறும். காலக்கோடு அவ்விரண்டையும் ஒரே படத்தில் இணைக்கிறது.

சொற்பொருள்
இடர் – துன்பம், இடையூறு
கையிருப்பு – மிச்சமாக வைத்திருப்பது
புலப்படும் – தெளிவாகத் தெரியும்

பயிற்சி
1. தண்டவாளம் இடுவதற்கு முன் முடிய வேண்டிய பணி யாது?
2. குழிப்பணி 12 நாள்கள் தாமதமானால் இயந்திரம் எத்தனை நாள்கள் காத்திருக்கும்?
3. தாமதத்தை மறைப்பது ஏன் பெருந்தீங்கு? மூன்று தொடர்களில் எழுதுக.
4. பள்ளி ஆண்டு விழாவிற்கான ஐந்து பணிகளைக் காலக்கோடாக வரைக. எப்பணி எதனைச் சார்ந்தது எனக் குறிப்பிடுக.