பேங்குக்கு போன் பண்ணவும் காசா? முதல் நாலு நம்பரைப் பாருங்க

"அண்ணா, அன்லிமிடெட் பேக் போட்டிருக்கேன். கஸ்டமர் கேர்ல பேசினா மட்டும் பேலன்ஸ் குறையுதே?" பர்கூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது.

நம்பரைப் பாருங்க. 1800-ல ஆரம்பிச்சா டோல் ஃப்ரீ, கால் செலவு பேங்கோடது. 1860-ன்னா செலவு உங்களோடது. பெரும்பாலும் இது அன்லிமிடெட் பேக்கில் சேராது. ஹோல்டில் காத்திருக்கும் நேரத்துக்கும் காசு ஓடும்.

சில ரூபாய்தானேன்னு விடாதீங்க. நைட் ஷிஃப்டில் இருக்கும்போது, நீங்க செய்யாத டிரான்சாக்‌ஷனுக்கு மெசேஜ் வருது. போன்ல பேலன்ஸ் இல்ல. என்ன செய்வீங்க?

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சர்க்குலர் படி, மோசடியைப் புகார் செய்ய 24 மணி நேர வசதியும் டோல் ஃப்ரீ எண்ணும் பேங்க் தரணும். தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்லன்னா, 3 வேலை நாளுக்குள் சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். ஓடிபி-யை நீங்களே சொல்லியிருந்தாலும், புகார் செஞ்ச பிறகு போகும் பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. ஒவ்வொரு நிமிஷமும் காசு!

இன்னைக்கே செய்யுங்க:

1. கார்டு பின்னாடியோ பேங்க் ஆப்பிலோ இருக்கும் 1800 எண்ணை சேவ் பண்ணுங்க. கூகுளில் தேடாதீங்க, போலி நம்பர் மாட்டும்.
2. சைபர் மோசடிக்கு 1930.
3. பேங்க் 30 நாளில் பதில் தரலைன்னா, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வழி கேட்க 14448.